எதனோடு ஒப்பிட்டு? மேலாளரின் ஆய்வில் சான்றும் அதிகாரமும்

1. வினா

ஒரு நிறுவனத்தில் எடுக்கப்பட்ட முடிவு பலன் தந்ததா என்பதை அந்த முடிவை எடுத்த மேலாளரே எவ்வாறு அறிந்துகொள்வது என்பதுதான் வணிக ஆய்வு முறையியலின் அடிப்படை வினா. இதற்கு விடையாகப் பாடநூல்கள் ஒரு வரிசையைத் தருகின்றன: சிக்கலை வரையறுத்தல், முன்னாய்வுகளைப் பார்த்தல், கருதுகோள் அமைத்தல், தரவு திரட்டல், பகுத்தாய்தல், அறிக்கை எழுதுதல். கருதுகோள் என்பது சரியா தவறா என்று சோதித்துப் பார்ப்பதற்காக முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் கூற்று. இந்த வரிசையில் குறையொன்றும் இல்லை. ஆனால் இதை ஒழுங்காகப் பின்பற்றிய பெரிய நிறுவனங்கள்கூடத் தம் ஆய்வினாலேயே தவறான முடிவுக்குப் போயிருப்பதை வணிக வரலாறு பலமுறை காட்டியிருப்பதால், வரிசைக்கு அடியில் இருக்கும் இரண்டு செய்திகளைத் தனியே எடுத்து ஆராய வேண்டியிருக்கிறது. திரட்டிய எண்கள் எதனோடு ஒப்பிடப்படுகின்றன என்பது ஒன்று. ஆய்வை நடத்துபவரே ஆய்வுக்கு உட்படுகிறவர்களின் கூலியையும் வேலையையும் தீர்மானிப்பவராக இருக்கும்போது அந்த ஆய்வு என்ன ஆகிறது என்பது மற்றொன்று. முதல் செய்திக்குப் பாடநூல்களில் ஓர் அத்தியாயமாவது கிடைக்கிறது. இரண்டாவதற்குச் சில பத்திகளே கிடைக்கின்றன. மேலாளரின் ஆய்வைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்பதும், பயிற்சியில் புள்ளியியல் நுட்பங்களுக்குத் தரப்படும் இடம் இவற்றுக்குத்தான் முதலில் தரப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. பொங்கலுக்குப் பின் கூடும் வருகை

ஒப்பீட்டின் சிக்கலை விளக்க, பின்னலாடை நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போன தொழிலாளர்களில் பலர் இன்னும் திரும்பவில்லை. தையல் பிரிவில் மெஷின்கள் ஆளின்றிக் கிடக்கின்றன. சரக்கு அனுப்ப வேண்டிய தேதியோ நெருங்குகிறது. ஜனவரி இறுதியில் மேலாளர் வருகை ஊக்கத்தொகை ஒன்றை அறிவிக்கிறார். பிப்ரவரி மாத வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் வருகை நன்றாகவே கூடியிருக்கிறது. ஊக்கத்தொகை வேலை செய்துவிட்டது என்று அவர் முடிவு கட்டுகிறார். அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்திலும் அது நிரந்தரமாக இடம்பெற்றுவிடுகிறது.

இங்கே எண்கள் பொய்யல்ல, பதிவேடு சரியானதே. ஆனால் பண்டிகை முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பும் மாதம் பிப்ரவரி என்பதால், ஊக்கத்தொகை இல்லாமலேயே வருகை கூடியிருக்கும். எவ்வளவு கூடியிருக்கும் என்பதைச் சொல்ல இந்தப் பதிவேட்டில் ஒன்றும் இல்லை. நடவடிக்கைக்கு முந்தைய நிலையையும் பிந்தைய நிலையையும் மட்டும் வைத்துப் பார்க்கும் இம்முறையை முன்-பின் ஒப்பீடு என்பர். மேலாளர்கள் பொதுவாக ஒரு நிலைமை மிக மோசமாக இருக்கும்போதுதான் நடவடிக்கை எடுக்கிறார்கள். மிக மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் தானாகவே சற்று மேம்படும். இதைப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்பர். ஆகவே முன்-பின் ஒப்பீடு மேலாளரின் நடவடிக்கைக்குச் சாதகமாகவே சாய்ந்திருக்கிறது. தம் முடிவு சரி என்று நம்ப விரும்பும் ஒருவரின் கையில் இதைவிட ஆபத்தான கருவி வேறில்லை.

அந்த மேலாளரிடம் எட்டுத் தையல் வரிசைகள் இருந்து, சீட்டுக் குலுக்கி அவற்றில் நான்கைத் தேர்ந்து அவற்றுக்கு மட்டும் முதல் இரண்டு மாதம் ஊக்கத்தொகை தந்திருந்தால் நிலைமை வேறு. பொங்கலின் தாக்கம் எட்டு வரிசைகளுக்கும் பொது; ஊக்கத்தொகை நான்குக்கு மட்டுமே உரியது; எனவே இரு தொகுதிகளுக்கும் இடையிலான வேறுபாடு ஊக்கத்தொகையைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லும். நடவடிக்கைக்கு உட்படாத தொகுதியைக் கட்டுப்பாட்டுக் குழு என்றும், யார் எந்தக் குழுவில் என்பதைக் குலுக்கலுக்கு விடுவதைச் சமவாய்ப்பு முறை என்றும் அழைப்பர். குலுக்கலை வலியுறுத்துவதற்குக் காரணம் எளிது. தேர்வை மேற்பார்வையாளரிடம் விட்டால் அவர் நல்ல வரிசைகளையே தேர்ந்தெடுப்பார்.

ஒப்பீட்டுப் பிழைக்குக் கணினித் துறையும் விலக்கல்ல. இணையத் தேடலில் வரும் விளம்பரங்களுக்குப் பெருந்தொகை செலவிட்டுவந்த ஈபே நிறுவனத்தில், விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் மிகுதியாகப் பொருள் வாங்கியதைக் கண்டு விளம்பரம் விற்பனையைப் பெருக்குகிறது என்று கருதப்பட்டது. 2012இல் அங்கிருந்த பொருளியலாளர்கள் அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தனர். நிறுத்திய பகுதிகளிலும் விற்பனை ஏறத்தாழ அப்படியே இருந்தது. வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்களே விளம்பரத்தைச் சொடுக்கியிருந்தனர். விளம்பரம் இல்லாதபோது அவர்கள் வேறு வழியில் அதே கடைக்கு வந்துசேர்ந்தனர். இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்குவது ஒட்டுறவு. ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது காரண காரிய உறவு. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவிவிட முடியாது என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்திதான். ஆனாலும், விளம்பரத்தை நிறுத்திப் பார்க்கும் துணிவு ஒரு மேலாளருக்கு வரும்வரை அந்தத் தாவல் நிற்பதில்லை.

3. ஹாதார்ன்: ஐந்து பெண்கள், ஓர் அறை, பல விளக்கங்கள்

மேலாண்மை மாணவர் எவரும் படிக்காமல் தாண்ட முடியாத ஆய்வு சிகாகோ அருகே சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குச் சொந்தமான ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்தது. 1924இல் தொடங்கிய இந்த ஆய்வு வரிசை, தொழிற்கூட வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்னும் எளிய வினாவிலிருந்து புறப்பட்டது. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் உற்பத்தி உயர்ந்தது என்றும், தங்களைக் கவனிக்கிறார்கள் என்னும் உணர்வே தொழிலாளர்களை ஊக்கியது என்றும் பின்னாளில் ஒரு கதை நிலைபெற்றது. கவனிக்கப்படுவதாலேயே ஒருவரின் நடத்தை மாறுவதை ஹாதார்ன் விளைவு என்று பாடநூல்கள் இன்றும் சொல்லிக்கொடுக்கின்றன.

தொலைந்துபோனதாகக் கருதப்பட்டிருந்த வெளிச்சச் சோதனைத் தரவுகளைத் தேடியெடுத்துப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்டும் 2011இல் வெளியிட்ட மறு ஆய்வு இக்கதையைப் பெரிதும் தளர்த்திவிட்டது. வெளிச்ச மாற்றங்கள் தொழிற்சாலை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யப்பட்டன. திங்களன்று உற்பத்தி சனிக்கிழமையைவிட உயர்ந்தது. ஆனால் எந்த மாற்றமும் செய்யாத வாரங்களிலும் திங்கட்கிழமை உற்பத்தி அப்படித்தான் உயர்ந்திருந்தது. பல பத்தாண்டுகள் வகுப்பறைகளில் ஓதப்பட்ட ஒரு முடிவின் பெரும்பகுதி, சனியையும் திங்களையும் ஒப்பிட்ட பிழையிலிருந்து வந்திருக்கக்கூடும். முந்தைய பிரிவின் பொங்கலும் இந்தத் திங்களும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

இதைவிடப் புகழ்பெற்றது 1927இல் தொடங்கிய ரிலே பூட்டும் அறைச் சோதனை. ரிலே என்பது தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட சிறிய மின்விசை மாற்றி. சுமார் 35 பாகங்களைக் கையால் சேர்த்துப் பூட்டி ஒன்றை முடிக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். ஐந்து பெண் தொழிலாளர்கள் பொதுக்கூடத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அறையில் அமர்த்தப்பட்டனர். பாகங்களை எடுத்துத்தர இன்னொருவர் இருந்தார். முடிந்த ரிலேயை ஒவ்வொருவரும் தம் முன்னிருந்த சரிவான துளைவழியே போட, அது கடந்துசெல்லும்போது ஓடிக்கொண்டிருக்கும் காகித நாடாவில் ஒரு துளை விழும். இவ்வாறு ஒவ்வொருவரின் ஒவ்வொரு ரிலேயும் ஆண்டுக்கணக்கில் பதிவாயிற்று. இடைவேளைகள் தரப்பட்டன, சிற்றுண்டி தரப்பட்டது, வேலை நேரம் குறைக்கப்பட்டது. உற்பத்தி ஏறக்குறைய 30 விழுக்காடு உயர்ந்தது. 1928இல் சில வாரங்களுக்குச் சலுகைகள் எல்லாம் திரும்பப் பெறப்பட்டபோதும் வார உற்பத்தி உயர்ந்தே நின்றது. ஹார்வர்டைச் சேர்ந்த எல்டன் மேயோவும், 1939இல் இந்த ஆய்வுகளின் முழு வரலாற்றை நூலாக்கிய ரோத்லிஸ்பெர்கர், டிக்சன் இருவரும் இதிலிருந்து கண்ட முடிவு, கூலியைவிட மனித உறவுகளும் குழு உணர்வுமே உற்பத்தியை உயர்த்துகின்றன என்பது. மனித உறவுக் கோட்பாடு என்னும் பெரிய சிந்தனைப் பள்ளியின் அடித்தளம் இந்த அறை.

இந்த விளக்கத்தை ஏற்பதற்கு முன் அறைக்குள் வேறு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அறைக்குள் வந்ததும் அப்பெண்களின் கூலி கணக்கிடும் முறை மாறியது. முன்பு பெருங்கூட்டத்தின் உற்பத்தியோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட ஊக்கக்கூலி, இப்போது அந்தச் சிறு குழுவின் உற்பத்தியை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டது. அதாவது தான் கூடுதலாகப் பூட்டிய ரிலேயின் பலன் ஏறத்தாழ தன் கைக்கே வந்தது. 1928 ஜனவரியில் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்கள் வெளியேற்றப்பட்டு, அவர்களைவிட வேகமாக வேலை செய்யும் இருவர் அமர்த்தப்பட்டனர். சலுகைகள் திரும்பப் பெறப்பட்ட வாரங்களில் மொத்த உற்பத்தி உயர்ந்தே இருந்தாலும், வேலை நேரம் கூடியிருந்ததால் மணிக்கணக்கில் பார்த்தால் அது குறைந்திருந்தது. கூலி முறையை மட்டும் மாற்றிய இரண்டாவது ரிலே குழுவில் உற்பத்தி ஏறத்தாழ 13 விழுக்காடு உயர்ந்தது. மற்றத் தொழிலாளர்களின் அதிருப்தியால் அந்த ஏற்பாடு ஒன்பது வாரத்தில் கைவிடப்பட்டதும் உற்பத்தி சரிந்தது.

அலெக்ஸ் கேரி 1967இல் எழுதிய கடுமையான விமர்சனத்தில் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, இந்தத் தரவுகள் பணத்தின் ஊக்கத்தையும் கண்டிப்பையும் காட்டுகின்றனவே தவிர மேயோவின் முடிவுக்கு ஆதாரம் தரவில்லை என்று வாதிட்டார். 1978இல் ஃபிராங்கும் கௌலும் அத்தரவுகளைப் புள்ளியியல் முறையில் பகுத்து, இரு தொழிலாளர்களை மாற்றியது, ஓய்வு நேரம், 1929க்குப் பின் வந்த பொருளாதார மந்தம் ஆகியவற்றைக் கொண்டே ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதியை விளக்கிவிடலாம் என்றனர். இந்த மறுவிளக்கங்களையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. ஐந்து பேர், ஒரே அறை, ஒரே காலத்தில் பல மாற்றங்கள் என்று இருக்கையில், எந்தக் காரணம் எவ்வளவு பங்கு வகித்தது என்று எவ்வளவு நுண்ணிய கணக்கும் பிரித்துக்காட்டிவிட முடியாது. ஆண்டுக்கணக்கான காகித நாடாவில் ஒரு துளைகூடத் தவறாமல் பதிந்தும் இந்த ஆய்வு தீர்ப்பளிக்க இயலாமல் போனதற்குக் காரணம், அதே கூலி முறையும் அதே போன்ற ஆட்களும் கொண்டு, சலுகைகள் மட்டும் இல்லாத இன்னோர் அறை பக்கத்தில் இல்லாததே.

இரு பெண்கள் வெளியேற்றப்பட்ட செய்தி பொதுவாக முறையியல் பிழையாக மட்டும் பேசப்படுகிறது. அது அதற்கும் மேலானது. தோழமையான மேற்பார்வையின் பலனை அளப்பதாகச் சொன்ன ஒரு சோதனை, எதிர்பார்த்தபடி நடக்காதவர்களை வெளியேற்றும் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தது. எஞ்சிய மூவரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகு அவர்கள் காட்டிய உழைப்பில் குழு உணர்வு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்பதை எந்த நாடா பதிவு செய்யும்?

இந்த வினாவுக்கு ஹாதார்னிலேயே ஒரு பகுதி விடை உண்டு. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, மின்கம்பி இணைக்கும் 14 ஆண்கள் வேலை செய்த ஓர் அறையில் எந்தச் சலுகையும் தராமல், நடப்பதை அப்படியே பார்த்துக் குறிப்பெடுத்தனர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்கள் தமக்குள் ஓர் அளவு வைத்திருந்தனர். அதைத் தாண்டியவரை மற்றவர்கள் கண்டித்தனர். கூடுதலாகச் செய்ததை மறைத்து, குறைந்த நாளில் கணக்கில் சேர்த்தனர். அதிகம் செய்தால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைக்கும், ஆட்களையும் குறைக்கும் என்று அவர்கள் கருதியதே காரணம். ஆக, நிர்வாகத்தின் மேசைக்குத் தினமும் போய்ச்சேர்ந்த உற்பத்தி எண், தொழிலாளர்கள் நிர்வாகத்துக்குக் காட்ட முடிவு செய்த எண். ஹாதார்ன் ஆய்வுகள் முழுவதிலும் இன்றைய மேலாளர் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

4. கேட்கப்படாத கேள்வி

கருத்தாய்வுகளில் யாரிடம், எதைக் கேட்கிறோம் என்பதிலும் பிழை நேரலாம்; அதைக் காட்ட இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது; ரூஸ்வெல்ட் 60 விழுக்காட்டுக்கும் மேல் பெற்று வென்றார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் இருந்து பெயர்களை எடுத்ததால் வசதி குறைந்தோர் விடுபட்டனர். பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையினராக இல்லை. மாதிரி என்பது முழுத் தொகுதியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்படும் சிறு பகுதி. அது எவ்வளவு பெரியது என்பதைவிட எப்படி வந்தது என்பதே முக்கியம்.

கோகோ-கோலாவின் தவறு நுட்பமானது. 1985 ஏப்ரலில் பழைய பானத்தை நீக்கிவிட்டுப் புதிய சுவையை அறிமுகப்படுத்தும் முன் அந்நிறுவனம் ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தியிருந்தது. பெரும்பான்மையோர் புதியதையே விரும்பினர். மக்களின் எதிர்ப்பால் மூன்று மாதத்துக்குள், ஜூலையில், பழைய பானம் திரும்பிவந்தது. சோதனை அளந்தது ஒரு மடக்குச் சுவையை. சந்தையில் நடந்ததோ பழகிய பொருள் ஒன்றின் இழப்பு. இதில் கவனிக்கத்தக்கது, முன்னரே நடந்த குழுக் கலந்துரையாடல்களில் பழைய பானம் போய்விடும் என்ற பேச்சு எழுந்தபோது சிலர் சினந்ததும், அச்சினம் மற்றவர்களிடமும் தொற்றியதும் தெரிந்திருந்தும் எண்களுக்கே முதலிடம் தரப்பட்டது என்பதாகும். ஒரு கருவி தான் அளக்க வேண்டியதையே அளக்கிறதா என்பதை ஏற்புடைமை என்பர். எண் சார்ந்த ஆய்வு உயர்ந்தது, பேச்சைக் கேட்கும் ஆய்வு தளர்வானது என்னும் படிநிலைக்கு இந்நிகழ்ச்சி இடம் தரவில்லை.

5. தாராப்பூர் நெசவாலைகள்

ஒப்பீட்டைச் சரியாக அமைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல சான்று உள்ளது. நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட ஐந்து பொருளியலாளர்கள் மும்பை அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளின் நெசவாலைகளில் 2008இல் தொடங்கி நடத்திய சோதனை அது. முடிவுகள் 2013இல் வெளியாயின. நூல் இருப்பைப் பதிவு செய்தல், துணிக் குறைகளை வகைப்படுத்தி அன்றாடம் பேசுதல், இயந்திரங்களை முறையாகப் பராமரித்தல் போன்ற 38 நடைமுறைகள் பட்டியலிடப்பட்டன. சமவாய்ப்பு முறையில் தேர்ந்த ஆலைகளுக்கு ஒரு மாத ஆய்வும் அதன்பின் நான்கு மாதம் ஆலோசகர்களின் நேரடி உதவியும் இலவசமாகக் கிடைத்தன. கட்டுப்பாட்டு ஆலைகளில் ஒரு மாத ஆய்வு மட்டும் நடந்தது. உதவி பெற்ற ஆலைகளின் உற்பத்தித்திறன் முதல் ஆண்டில் 17 விழுக்காடு உயர்ந்தது.

கட்டுப்பாட்டு ஆலைகளுக்கும் ஆலோசகர்கள் போனார்கள் என்பதில் ஹாதார்னிலிருந்து கற்ற பாடம் இருக்கிறது. வெளியார் வந்து பார்ப்பதாலும் அளப்பதாலும் மட்டும் விளையும் மாற்றம் இரு தொகுதிக்கும் பொதுவாகிவிட்டால், எஞ்சும் வேறுபாட்டைப் பெரும்பாலும் நடைமுறைகளின் பலன் என்று கொள்ளலாம். ஆய்வின் எல்லைகளும் தெளிவானவை. அணுகப்பட்ட 66 நிறுவனங்களில் 17 மட்டுமே பங்கேற்றன. ஆகவே இம்முடிவு மாற்றத்துக்கு ஓரளவு இசைந்த முதலாளிகளைப் பற்றியது. இவ்வளவு பலன் தரும் நடைமுறைகளை ஏன் முன்பே கைக்கொள்ளவில்லை என்ற வினாவுக்கு ஆய்வாளர்கள் கண்ட விடை, பல முதலாளிகள் அவற்றை அறிந்திருக்கவில்லை, அறிந்தவர்களும் தங்கள் ஆலைக்கு அவை பொருந்தும் என்று நம்பவில்லை என்பது. குடும்பத்துக்கு வெளியே உள்ள மேலாளரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நம்பிக்கையும் குறைவாக இருந்தது. எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஆலைகளுக்குச் சென்று பார்த்தபோது, புகுத்தப்பட்ட நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன; அப்படியும் அந்த ஆலைகள் மற்றவற்றைவிட முன்னிலையில் இருந்தன. திரும்பிப் போய்ப் பார்த்ததற்காகவே இந்த ஆய்வு பாராட்டுக்குரியது. பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு திட்டத்தின் ஆய்வு, திட்டம் வெற்றி என்று அறிவிக்கப்படும் நாளோடு முடிந்துவிடுகிறது.

6. சிறு நிறுவனமும் சிறு மாதிரியும்

இத்தகைய சோதனைக்குப் பெரும் பணமும் பல்கலைக்கழகத் துணையும் வேண்டும் என்பது பொதுவான மறுப்பு. இன்று உலகெங்கும் பயன்படும் டி-சோதனையின் பிறப்பு இம்மறுப்புக்குப் பதில் தருகிறது. சில மாதிரிகளை மட்டும் வைத்து இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் அந்த முறையை உருவாக்கிய வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையின் ஊழியர். பார்லியின் தரத்தையும் காய்ச்சுதலின் தரத்தையும் குறைந்த மாதிரிகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருந்ததால், தமக்கு வேண்டிய கணக்கைத் தாமே வகுத்து 1908இல் ஸ்டூடன்ட் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். சிறு மாதிரி ஆய்வு தொழிற்கூடத்தின் தேவையிலிருந்தே பிறந்தது.

அதிகாரத்தின் சிக்கலுக்குக் கணக்கில் தீர்வு கிடையாது, ஏற்பாட்டில்தான் உண்டு. வினாப்பட்டியலைப் பணியாளர் பிரிவு கொடுத்து, அதே பிரிவு திரும்ப வாங்கினால், பெயர் எழுத வேண்டாம் என்று மேலே அச்சிட்டிருப்பதை எவரும் நம்பப்போவதில்லை. பதிலால் எவருக்கும் வேலையோ கூலியோ பாதிக்கப்படாது என்ற உறுதி முன்பே தரப்பட்டு, அது காப்பாற்றப்பட்ட வரலாறும் அந்நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். எந்த முடிவு கிடைத்தால் திட்டம் கைவிடப்படும் என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதி வைப்பதும் அவசியம். அவ்வாறு எழுத மறுக்கும் மேலாளருக்கு வேண்டியது ஒப்புதல், ஆய்வன்று.

தமிழ்நாட்டின் மேலாண்மைக் கல்லூரிகளில் மாணவர்கள் செய்யும் திட்ட அறிக்கைகளில் பணியாளர் மனநிறைவு பற்றியவை மிகுதி. நிர்வாகம் காட்டிய தொழிலாளர்களிடம், நிர்வாகம் ஒதுக்கிய நேரத்தில், மேற்பார்வையாளர் அருகில் நிற்க வினாப்பட்டியல் நிரப்பப்படும் அறிக்கைக்கு எத்தனை புள்ளியியல் சோதனைகளைச் சேர்த்தாலும் அதன் மதிப்பு உயராது. அதே மாணவருக்கு ஓராண்டு வருகைப் பதிவேட்டையும் குறைச் சரக்குக் கணக்கையும் பெயர் நீக்கித் தந்து, இரண்டு வரிசைகளில் ஒரு சிறு மாற்றத்தைச் சோதிக்க அனுமதித்தால், நிறுவனத்துக்கும் மாணவருக்கும் கிடைப்பது பெரிது. பதிவேடுகளைத் திறந்துவிட நிறுவனங்களும், வினாப்பட்டியல் இல்லாத அறிக்கையை ஏற்றுக்கொள்ளக் கல்லூரித் துறைகளும் முன்வர வேண்டும்.